மண்ணெண்ணெய் பிறிட்ஜும் ஒரு செம்பு தண்ணியும்

போன மாதம் என் வீட்டுப் பிறிட்ஜ் குளிராமல் போனது. வாங்கிப் பதினெட்டு வருடம். கதவைத் திறந்தால் லைற் எரிந்தது. பின்பக்கம் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. குளிர் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து திருத்துகிற பெடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். வந்த கையோடு பெட்டியை முன்னுக்கு இழுக்கப் பார்த்தான்.

"தம்பி, இழுக்காதை. முதல் தரையைப் பார்" என்றேன்.

"தரையிலை என்ன ஆச்சி?"

"சரிஞ்சு நிக்குதோ எண்டு பார். மேலை ஒரு தட்டத்திலை தண்ணி வைச்சுப் பார்."

அவன் சிரித்தான். "ஆச்சி, இது கரண்டிலை ஓடுற சாமான். கொஞ்சம் சரிஞ்சாலும் ஓடும்."

அவன் சொன்னது சரி. பின்னால் ஒரு சின்னச் சாமான் எரிந்துபோயிருந்தது. மாற்றினான். பத்து நிமிட வேலை. தண்ணீர் வைத்துப் பார்க்கிற வித்தையை எங்கே பழகினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவனுக்கு விளங்காது. இதை வாசித்துத் திருத்தப்போகிற உங்களுக்கு விளங்கும். நீங்கள் என் வயதுக்காரர். யாருடைய வாசலில் யார் எவ்வளவு தூரத்தில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். மற்றதைத் திருத்த வேண்டாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாரந்தனைப் பக்கம் இருந்தோம். அப்பா மேசன். எங்கள் கொட்டில் இன்னொருவரின் பனங்காணிக்குள் இருந்தது. காணிக்காரரை நயினார் என்று சொல்லவேண்டும். அவர் மனைவியை நாச்சியார் என்று சொல்லவேண்டும். இதை எழுதும்போதும் மரியாதை போட்டுத்தான் எழுதுகிறேன். கை அப்படிப் பழகிவிட்டது. மனதில் அது இல்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு நயினார் வளவுக்குள் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் உவர். அந்தக் கிணற்றுக்கட்டில் நாங்கள் ஏறக்கூடாது. காலையில் நாச்சியாரின் அண்ணன் மகன் துலாவில் அள்ளி ஊற்றுவார். நாங்கள் கீழே குடத்தைப் பிடிப்போம். அவர் பட்டணத்துக் கல்லூரியில் இங்கிலீசு படித்தவர். அவரைச் சின்ன நயினார் என்போம். வேண்டுமென்றே குடத்துக்கு வெளியே ஊற்றுவார். அம்மாவின் சேலை நனையும். "குடத்தை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதோ?" என்பார்.

நயினாருக்குத் தென்பகுதியில் பலசரக்குக் கடை. கடை நன்றாக ஓடியது. ஊரில் புது வீடு கட்டினார். தரை போட்டது அப்பா.

சிவப்புச் சீமெந்துத் தரை. அப்பா முழங்காலில் நின்று கரண்டியால் தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரிகிற மாதிரி ஆக்கினார். நான் மத்தியானம் சோறு கொண்டுபோவேன். கதவு போடாத வீடு. எல்லா அறைக்குள்ளும் ஓடினேன். சாமியறையில் போய் நின்று கத்தினேன். சுவர் திருப்பிக் கத்தியது. நயினார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குடிபூராத வீட்டில் எங்கள் கால் படலாம்.

வீட்டின் நடுக்கூடமான நடுச்சாலைத் தரையை அப்பா மட்டமாகப் போட்டார். குசினியோடு ஒட்டிய சாப்பாட்டறைத் தரையைப் பின்வாசல் பக்கம் சரித்துப் போட்டார். அந்த அறையை வெள்ளிக்கு வெள்ளி தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். தண்ணீர் தேங்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத சரிவு. வேலை முடிந்த அன்று அப்பா ஒரு செம்பு தண்ணீரை அறையின் உள்மூலையில் ஊற்றினார். தண்ணீர் நீண்டு நீண்டு, ஓரிடத்திலும் நிற்காமல் பின்வாசலுக்கு வந்து படியால் இறங்கியது. "கெட்டிக்காரனடா நீ" என்றார் நயினார். அப்பாவை அவர் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்.

அந்தச் செம்பு எங்களுடையது. பித்தளை. அம்மா கலியாணத்துக்குக் கொண்டுவந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அம்மா முதலில் அவருடைய வலக்கைப் பக்கம் அந்தச் செம்பில் தண்ணீர் வைப்பார். பிறகுதான் சோறு வரும். அப்பா இரண்டு முடறு குடித்துவிட்டுச் சோற்றில் கை வைப்பார். தண்ணீர் கொண்டுவா என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையில்லை. அது அங்கே இருக்கும்.

புது வீட்டுக்குக் குடிபூரலன்று எங்களுக்குப் பின்வளவில் தேசிமரத்துக்குக் கீழே சோறு போட்டார்கள். தண்ணீரை உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். நான் மறந்துபோய்ப் பின்படியில் ஒரு காலை வைத்தேன்.

"ஏய்!"

நாச்சியார். அந்த ஒரு சொல்தான். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "நீங்கள் போட்ட தரைதானே" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பிடி இறுகியது.  படியில் என் கால் பட்ட இடத்தில் ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீரும் ஒழுங்காக வழிந்து இறங்கியது. அப்பாவின் வேலை அப்படி.

அடுத்த வருடம் பிறிட்ஜ் வந்தது. சோழகக் காற்று அடிக்கிற மாதம். மண் பறந்து கண்ணைத் திறக்க ஏலாது. ஊருக்குக் கரண்ட் வராத காலம். இது மண்ணெண்ணெயில் ஓடுகிற பிறிட்ஜ். அடியில் எண்ணெய்த் தாங்கி, அதில் திரி, திரியில் நெருப்பு. நெருப்பு எரிந்தால் மேலே குளிரும். அதெப்படி என்று ஊர் முழுக்க வாய் பிளந்தது.

லொறி ஒழுங்கைக்குள் வராது. அப்பாவும் எங்கள் ஆட்கள் மூன்று பேரும் இரண்டு பனந்தடியில் கட்டித் தூக்கினார்கள். அப்பா பின்பக்கத் தடி. பெட்டியின் முதுகு அவர் முகத்துக்கு நேரே. கறுப்புக் குழாய்கள். நடுவில் ஒரு தகடு. தகட்டில் இரண்டு படம். நேரே நிற்கிற பெட்டி ஒன்று. சரிந்து நிற்கிற பெட்டி ஒன்று, அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம். கீழே இங்கிலீசு. அப்பாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. கால் மைல் தூரம் அவர் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் நடந்த நானும் பார்த்தேன்.

நாச்சியார் கூடவே வந்தார்.

"டேய், சரிக்காதையுங்கோடா!"

"ஓம் நாச்சியார்."

"ஓம் எண்டு சொல்லிச் சொல்லிச் சரிக்கிறாய்!"

"காத்துத் தள்ளுது நாச்சியார்."

"காத்துக்கும் சேத்துக் கூலி கேப்பாய் போலை கிடக்கு."

சரிக்கவில்லை. நான் பார்த்தேன். நாலு பேரும் ஒரே உயரத்தில் பிடித்து, முன்வாசல் படிக்குக் கீழே இறக்கினார்கள். அதற்கு மேல் எங்கள் ஆட்கள் போகக்கூடாது. சின்ன நயினாரும் சொந்தக்காரர் இரண்டு பேரும் வந்தார்கள். தூக்கிப் பழகாத ஆட்கள். ஒரு பக்கம் உயர்ந்தது, மறு பக்கம் படியில் இடித்தது. கடைசியில் மாட்டைச் சாய்க்கிற மாதிரிச் சாய்த்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாச்சியார் அப்போது ஒன்றும் கத்தவில்லை.

நடுச்சாலையில் வைத்தார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பின்னேரங்களில் ஆட்கள் பார்க்க வருவார்கள். எங்களுக்குப் படலைக்கு வெளியே நின்றால் வெள்ளைக் கதவில் பாதி தெரியும். அதைத் திறக்கும்போது புகை மாதிரி ஒன்று இறங்கும்.

பிறகு ஒரு நாள் போத்தல் ஒன்று வெடித்தது. சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி ஐஸ் வைக்கிற தட்டில் மூடி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் உறைந்தால் போத்தல் வெடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இங்கிலீசு படித்தவருக்கும் தெரியாது. கண்ணூறு என்று நாச்சியார் முடிவெடுத்தார். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்தால் எந்தச் சாமான் நிற்கும் என்றார். அன்றைக்கே பிறிட்ஜை நடுச்சாலையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டறைக்குள் வைத்தார்கள். முன்னால் ஒரு சீலையும் தொங்கவிட்டார்கள். ஊர்க் கண்ணுக்கு மறைந்தது. பின்வாசல் திறந்திருந்தால் பின்வளவில் வேலை செய்கிற எங்களுக்கு மட்டும் பக்கவாட்டில் தெரியும்.

மாற்றி இரண்டாம் நாள் பால் திரைந்தது. மூன்றாம் நாள் ஐஸ் எல்லாம் தண்ணீர்.

அம்மா பின்வளவில் நெல்லுக் குத்துவார். நான் புடைப்பேன். உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். முதலில் எண்ணெய்யைக் குற்றம் சொன்னார்கள். கடைக்காரன் தண்ணீர் கலந்துவிட்டான் என்று வேறு எண்ணெய் வாங்கி, சீலையில் வடித்து ஊற்றினார்கள். குளிரவில்லை. திரியைக் கத்தரித்தார்கள். மஞ்சளாக நின்ற நெருப்பு நீலமாக மாறியது. அப்படியும் குளிரவில்லை. புகை போகிற குழாயில் கரி அடைத்திருக்கும் என்று சின்ன நயினார் ஈர்க்குக் கட்டொன்றை விட்டுக் குத்தினார். கரி முழுவதும் அவர் முகத்தில் கொட்டியது. வெளியே வந்து தும்மினார். கண் இரண்டும் மட்டும் வெள்ளை. நான் சிரித்துவிட்டேன்.

"என்னடி இளிக்கிறாய்?"

"ஒண்டுமில்லைச் சின்ன நயினார்."

"கொப்பன் செய்த வேலைக்கு நான் கரி குடிக்கிறன். நீ இளிக்கிறாய்."

என் அப்பா செய்த வேலை என்று அப்போதுதான் முதலில் கேட்டேன். அம்மாவின் உலக்கை நின்றது.

பிறிட்ஜோடு வந்த புத்தகத்தை அவர் வாசித்திருக்கிறார். பின்குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கீழே கொதிக்குது, மேலே பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு, காஸ் போயிட்டுது என்று நயினாருக்குச் சொன்னார். "புத்தகத்திலை வடிவாப் போட்டிருக்கு மாமா. சரிக்கப்படாதாம். கொண்டுவரேக்கை அவங்கள் சரிச்சிருக்கிறாங்கள்."

புத்தகம் சரியாகத்தான் சொன்னது. வாசித்தவர் தன் கையைப் பார்க்காமல் எங்கள் கையைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை. அப்பா பின்படிக்குக் கீழே சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நயினார் வாசலில் நின்றார். நாச்சியார் அவருக்குப் பின்னால்.

"அடுத்த கிழமை வெள்ளி மகளைப் பொம்பிளை பாக்க வருகினம். வீட்டிலை பிறிட்ஜ் இருக்கு, ஐஸ் போட்டுச் சர்பத் தருவம் எண்டு சொல்லியாச்சு" என்றார் நயினார். "இப்ப நான் என்னத்தைக் குடுக்க? உன்ரை மூத்திரத்தையோ?"



"கண்ணும் இவங்கடை, கையும் இவங்கடை" என்றார் நாச்சியார்.

"வெள்ளிக்குள்ளை இது குளிரவேணும். குளிராட்டிச் சனிக்கிழமை கொட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளிக்கிடு. அதுமட்டும் உன்ரை ஆக்கள் ஒருத்தரும் கிணத்தடிக்கு வரப்படாது. வேலைக்கு வரலாம். தண்ணி இல்லை" என்றார் நயினார்.

"ஓம் நயினார்."

அவ்வளவுதான் அப்பா சொன்னது. ஆனால் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் நயினாரின் முகத்தைப் பார்க்கவில்லை. நயினாருக்குப் பக்கத்தால் உள்ளே பார்த்தார். சீலைக்கு இந்தப் பக்கம் தெரிந்த பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் காலைப் பார்த்தார். காலிலிருந்து தரையைப் பிடித்துக்கொண்டு பின்படி வரைக்கும் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

வேறு கொட்டில் போட எங்களுக்கு ஒரு முழம் நிலம் இல்லை. வேறு எந்த நயினாரும் இந்த நயினாரோடு பகைத்து எங்களுக்கு இடம் தரப்போவதில்லை. அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

பொதுக்கிணறு கடற்கரைப் பக்கம். ஒன்றரை மைல். போகும்போது சோழகம் முகத்தில் அடிக்கும். வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளும். குடத்து வாயைச் சீலையால் மூடினாலும் மண் விழும். காலையில் இரண்டு தரம், பின்னேரம் ஒரு தரம். அம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமும் வைப்பார். நான் சின்னக் குடமும் அந்தச் செம்பும் கொண்டுபோவேன். இடையில் நெல்லுக் குத்த நயினார் வீட்டுக்கும் போகவேண்டும். அங்கே கிணற்றைப் பார்த்துக்கொண்டு, தாகத்தோடு குத்தவேண்டும்.

பொதுக்கிணற்றில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு நேரம் இருந்தது. அங்கே வந்த ஒருத்தி கேட்டாள்: "என்னடி, நயினார்டை தண்ணி இனிப்புக் குறைஞ்சிட்டுதோ?"

"இல்லையடி. எனக்குச் சீனி வியாதி" என்றார் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கயிற்றை இழுத்தார்.

அந்தத் தண்ணீரில் சோறு வெந்தாலும் உவர்த்தது. தேத்தண்ணீரும் உவர்த்தது. அப்பா சாப்பிட உட்காரும்போது செம்பில் அந்தத் தண்ணீர் இருந்தது. குடித்தார். முகம் மாறவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் அம்மா விழுந்தார். பனங்கிழங்குப் பாத்தி மேட்டில் கால் இடறியது. இடுப்புக் குடம் உடைந்தது. தலைக் குடம் உருண்டு உடைந்தது. தூக்க ஓடிய நானும் விழுந்தேன். என் கையிலிருந்த செம்பு கல்லில் பட்டு வாய் நெளிந்தது. அம்மா நிலத்தில் இருந்தபடி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார் என்று என் பிள்ளை வயிற்றில் இருந்தபோது விளங்கியது. ஒரு குழந்தை அசைகிறதா என்று கேட்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

பிறகு மண்ணைத் தட்டிவிட்டு எழும்பினார்.

"கொப்பாட்டைச் சொல்லாதை" என்றார். "அவருக்கு இருக்கிற கவலையே காணும்."

இரண்டு குடமும் வழியில் உடைந்துபோயின என்று மட்டும் அப்பாவுக்குச் சொன்னோம். இரவல் குடம் வாங்கி அடுத்த நாளும் நடந்தோம்.

புதன்கிழமை பட்டணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். தொப்பி போட்டிருந்தான். பெட்டியைச் சுற்றி வந்து, குழாயில் தட்டி, கொழும்புக்கு அனுப்பினால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டு, கோழிக்கறியோடு சாப்பிட்டுப் போனான். அவன் நின்றதும் அந்தச் சரிவில்தான். அவன் காலுக்கும் அது தெரியவில்லை.

வியாழன் காலை அப்பாவை மறுபடியும் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் நெல்லோடு நின்றோம்.

"கொட்டில் பிடுங்க ஆயத்தமோ?" என்றார் நயினார்.

"நயினார் சொன்னால் பிடுங்கிறது."

"கொண்டுவந்து பழுதாக்கினவன் நீ. பட்டணத்தான் கையை விரிச்சிட்டான். நீயெண்டால் என்ன செய்வாய்?" நயினார் சொன்ன விதத்தில் நக்கல் இருந்தது. சின்ன நயினார் பின்னால் நின்று சிரித்தார். "கேளுங்கோ மாமா, கேளுங்கோ. சாந்து பூசித் தருவான்."

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"நயினார் கேக்கிறியளோ?"

"ஓமடா. கேக்கிறன்."

"அப்ப ஒரு செம்பு தண்ணி எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்திலை ஊத்தச் சொல்லுங்கோ."

"விசரோ உனக்கு?"

"கேட்டியள். சொல்லுறன்."

நயினார் கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தார். பிறகு உள்ளே கையைக் காட்டினார். நாச்சியார் முறுமுறுத்துக்கொண்டு செம்பால் ஊற்றினார். தண்ணீர் பெட்டியின் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. நீண்டது. ஓரிடத்திலும் நிற்கவில்லை. சிவப்புத் தரையில் மினுங்கிக்கொண்டு நேரே பின்வாசலுக்கு வந்து, நயினாரின் காலை நனைத்து, படியால் இறங்கி, அப்பாவின் பெருவிரலில் முட்டியது.



"சாலைத் தரை மட்டம்" என்றார் அப்பா. "அங்கை ஓடினது. இது கழுவுற அறை. சரிச்சுப் போட்டனான். நயினாரும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். பெட்டி சரிஞ்சு நிக்குது. சரிஞ்சு நிண்டால் ஓடாது. முதுகிலை படம் போட்டிருக்கு."

"எந்தப் படம்?" என்றார் சின்ன நயினார்.

"முதுகிலை. சிவப்பாலை வெட்டினது."

அவர் சீலையை விலக்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனார். நேரம் எடுத்தது. வரும்போது முகத்தில் அன்றைக்குக் கரி இல்லை. இருந்திருந்தால் அவருக்கு நல்லது.

அப்பா மடியிலிருந்து பனைமரச் சிராய்த் துண்டு நாலை எடுத்தார். சீவி, மெல்லிதாகவும் தடிப்பாகவும் முன்னமே ஆயத்தமாக வைத்திருந்தார். படிக்கட்டில் வைத்தார். கையில் கொடுக்கக்கூடாது. பெட்டிக்கு மேலே ஒரு தட்டத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னார். உள்ளே போய்ச் செய்ய ஏலாது. வெளியில் நின்று சொன்னார். சின்ன நயினார் வெள்ளை வேட்டியோடு ஈரத் தரையில் முழங்காலில் இருந்தார். நயினார் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தார்.

"வாசல் பக்கக் கால் ரெண்டுக்கும் தடிப்பானது. ஓம். இடக்கைக் காலுக்கு இன்னுமொரு நூல் அளவு உயத்துங்கோ."

"போதும்தானே?"

"போதாது. தட்டத்திலை தண்ணி ஒரு பக்கம் கூடவாக் கிடக்கு."

"எனக்குச் சொல்லித்தாறியோ நீ?"

"நயினார் கேட்டவர்" என்றார் அப்பா.

ஒரு மணித்தியாலம் நெருப்பை அணைத்து வைக்கச் சொன்னார். பிறகு கொளுத்தச் சொன்னார். அவ்வளவுதான்.

வெள்ளி காலை நாங்கள் போனபோது நாச்சியார் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், குடித்தார்கள், சம்பந்தம் முடிந்தது. பிறிட்ஜைத் திருத்தக் கொழும்பிலிருந்து ஆள் வந்தது என்று அவர்களுக்குச் சொன்னதைப் பின்வளவில் நின்று கேட்டேன். நயினார் அப்பாவிடம், "சரி, தண்ணி அள்ளுங்கோ" என்றார். நாச்சியார் ஒரு சிரட்டையில் இரண்டு துண்டு ஐஸ் போட்டுப் படியில் வைத்தார்.

"இனியாவது சாமானைப் பாத்துத் தூக்கப் பழகு" என்றார்.

அப்பா சிரட்டையைத் தொடவில்லை. நான் தொட்டேன். விரல் ஒட்டியது. பயந்து கையை எடுத்தேன். வெயிலில் அது கரைந்து, சிரட்டையின் கண்ணால் படியில் ஒழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் போனோம்.

நாச்சியாரை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்து வெகுகாலம். அதற்காக மன்னிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை.

கொட்டிலுக்கு வந்ததும் நான் துள்ளிக்கொண்டு தண்ணீர் ஓடிவந்த கதையை நடித்துக் காட்டினேன். அம்மாவும் அங்கேதான் நின்றார். ஆனாலும் நான் காட்டினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தினார்.

"இஞ்சேருங்கோ. அந்தச் சிராயை எப்ப சீவினனீங்கள்?"

"முந்தியே."

"எத்தினை நாளுக்கு முந்தி?"

அப்பா சால்வையை உதறிக் கொடியில் போட்டார். "முதல் வியாழன். வந்து பாத்த அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"அவங்கள் கேக்கேல்லை."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விழுந்ததைச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்றதால் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான் இருந்தோம்.

சோறு வெந்தது. அப்பா உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டார், சொதி விட்டார். வலக்கைப் பக்கம் ஒன்றும் இல்லை. வாய் நெளிந்த செம்பு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அப்பா வெறுந்தரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா பானையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா எழும்பிப் போய்த் தானே வார்த்துக் குடித்தார். நயினார் கிணற்றுத் தண்ணீர். இனிப்பு.

அன்றைக்கு ஏதோ மறதி என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. தம்பி சுகமாகப் பிறந்தான். அப்போதும் இல்லை. அம்மா அவருக்குச் சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், காய்ச்சல் வந்தால் இரவிரவாக விழித்திருந்தார். ஒரு நாளும் சண்டை இல்லை. தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. அப்பாவும் ஒரு நாளும் கேட்கவில்லை.

நான் வளரும்வரைக்கும் அப்பாவின் பக்கம்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் நயினாரின் காலை நனைத்த கதையை எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. அம்மாவுக்குக் கல்மனது என்று நினைத்தேன். ஒரு மனுசனை இப்படியும் அவமதிப்பார்களா என்று நினைத்தேன். என் வயிற்றில் ஏழு மாதம் ஆனபோது ஒரு நாள் குழாயடியிலிருந்து வாளி தூக்கினேன். நூறு அடி தூரம் இராது. வாளியை வைத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன்.

கலியாணமான பிறகு ஒரு தரம் அப்பாவிடம் நேரே கேட்டேன். "முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?"

"சரிச்சுப்போட்டுச் சாட்டுச் சொல்லுறான் எண்டிருப்பாங்கள்" என்றார். "தரையும் பிழையாப் போட்டிருக்கிறான் எண்டிருப்பாங்கள். அவங்கடை வாயாலை கேக்கவேணும்."

"அம்மா வழியிலை விழுந்தவ. தெரியுமோ?"

அப்பா, "குடம் உடைஞ்சதெண்டுதானே சொன்னனீங்கள்" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லை" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சண்டைக் காலத்தில் எல்லாரும் ஓடினோம். நயினார் ஆட்களும் ஓடினார்கள். ஓட்டத்தில் செம்பு போனது. திரும்பி வந்தபோது நயினார் வீட்டுக்குக் கூரை இல்லை. பிறிட்ஜின் கதவு மட்டும் வளவில் கிடந்தது. யாரோ அதில் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். மாரி காலத்தில் ஒரு நாள் அந்த வழியால் வந்தேன். மழைத் தண்ணீர் சாப்பாட்டறையால் வந்து பின்படியால் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். தடுக்க ஒருவரும் இல்லை. போகவில்லை.

அப்பா கடைசியாகக் கிடந்தது அல்லைப்பிட்டியில், என் வீட்டில். பிறிட்ஜ் வாங்கிய புதிது. இதே பிறிட்ஜ்தான். பதினொரு நாள் கிடந்தார். நான்தான் பஞ்சில் நனைத்து வாயில் தண்ணீர் விட்டேன். அம்மா கால்மாட்டில் கதிரையில் இருந்தார். காலைப் பிடித்துவிட்டார், ஈ ஓட்டினார். தண்ணீர்ப் பக்கம் வரவில்லை. பார்க்க வந்த ஆட்களுக்கு அது தெரியும். தங்களுக்குள் பேசினார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை அப்பா கண் திறந்தார். நான் பஞ்சை எடுத்தேன். அவர் தலையை அசைத்தார். கால்மாட்டைப் பார்த்தார்.

"இஞ்சேர்" என்றார். குரல் காற்றுத்தான். "கொஞ்சம் தண்ணி தா."

அம்மா எழும்பினார். பிறிட்ஜைத் தாண்டிப் போனார். மண்பானையிலிருந்து ஒரு பேணியில் வார்த்தார். வந்து அப்பாவின் வலக்கைப் பக்கம் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துப் பருக்கினார். இரண்டு முடறு இறங்கியது.

அப்பாவின் தங்கச்சி பக்கத்தில் நின்றா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டா. "இவ்வளவு காலமும் ஒரு வாய் தண்ணி குடுக்காதவ, இண்டைக்கு என்ன புதுசா?" என்றா.

அம்மா பேணியைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் அப்பாவின் வாயைத் துடைத்தார்.

"இண்டைக்குத்தானே கேட்டவர்" என்றார்.